கமராச் சோதனைக்குப் போன இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேலான பில் – உதவவும்

பனங்கூடல்:
அம்மாவின் குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கு 45,000 ரூபாய் என்று சொல்லித்தான் முற்பணம் வாங்கினார்கள். மாலையில் வீட்டுக்கு விடும்போதோ, உள்ளே இருந்த சதை வளர்ச்சி ஒன்றையும் அகற்றியதாகக் கூறி 112,000 ரூபாய்க்குப் பில் தந்தார்கள். எங்களிடம் எவரும் கேட்கவில்லை. கடன்பட்டுக் கட்டிவிட்டேன். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

குளக்கட்டு:
அரசாங்க ஆஸ்பத்திரியில் இது இலவசமாயிற்றே? எந்த ஊர், அவசரமாகக் கொண்டுபோனீர்களா, படிவத்தில் கையொப்பமிட்டவர் யார் என்பவற்றை எழுதாவிட்டால் எப்படிப் பதில் சொல்வது?

பனங்கூடல்:
நாங்கள் புதுக்குடியிருப்பு. காட்டியது யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில். திகதி எடுத்துத்தான் போனோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசிக்காமல் கையொப்பமிட்டேன்.

மாங்குளத்தான்:
சதை வளர்ச்சி என்பதே பில்லை உயர்த்தச் சொல்லும் கதை.

கனகராயன் ஆறு:
வாசிக்காமல் கையொப்பமிட்டுவிட்டுப் பிறகு நியாயம் கேட்பவர்களை இங்கே மாதம் ஒருவராவது காண்கிறேன். இத்தகைய படிவங்களில், தேவைப்பட்டால் சதைத் துண்டு எடுக்கவும் வளர்ச்சியை அகற்றவும் சம்மதிப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அன்றே அகற்றாவிட்டால், வயிற்றைக் கழுவும் மருந்து குடிப்பதிலிருந்து மயக்க ஊசி வரை எல்லாவற்றையும் இன்னொரு நாள் மீண்டும் செய்யவேண்டி வரும். தம்பி முதலில் படிவத்தின் பிரதியை வாங்கட்டும்.

நெடுங்கேணி அக்கா:
அண்ணை, வைத்தியத்துக்குச் சம்மதிப்பது வேறு, விலைக்குச் சம்மதிப்பது வேறு. அதோடு, அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போது மகன் எதற்குக் கையொப்பமிட்டார்?

கனகராயன் ஆறு:
வயதானவர்களுக்குப் பிள்ளைகள் கையொப்பமிடுவதுதான் எங்கள் வழமை.

நெடுங்கேணி அக்கா:
வழமை என்பதால் அது அம்மாவின் சம்மதமாகிவிடாது.

குளக்கட்டு:
அந்த வழக்கு இருக்கட்டும். பனங்கூடல், வைத்தியர் கட்டணம், மயக்க மருந்து, ஆய்வுகூடம் என்று பிரித்து எழுதிய பில்லைக் கேளுங்கள். அகற்றியதைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த அறிக்கையை வாங்காமல் விடாதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் முறையிட்டும் பதில் வராவிட்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த, தனியார் வைத்தியசாலைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுதலாம்.

பனங்கூடல் (12 நாட்களின் பின்):
பிரித்த பில்லில் மயக்க மருந்துக் கட்டணம் இரண்டு தடவை போடப்பட்டிருந்தது. 14,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். அறிக்கையில் புற்றுநோய் இல்லை. உள்ளே கொண்டுபோனபோது தாதி தமிழில் விளங்கப்படுத்தியதாகவும், தான் ஓம் என்றதாகவும் அம்மா இன்றுதான் சொல்கிறார். அனைவருக்கும் நன்றி.

நெடுங்கேணி அக்கா:
விலையையும் சொன்னார்களாமா?