கவுன்சிலர் முதல் அதிபர் வரை: கால்வின் கூலிட்ஜின் பதவி வரிசையில் உள்ள குழப்பங்கள்

தாள்புரட்டி கேட்டது:

அமெரிக்க அதிபராக இருந்த கூலிட்ஜ் வகித்த பதவிகளின் பட்டியல் இடத்துக்கு இடம் மாறுகிறது. மேயரானது 1909 என்று ஒரு இடத்தில், 1910 என்று இன்னொரு இடத்தில். "செனட் தலைவர்" என்பது இரண்டு வேறு காலங்களில் வருகிறது. தேர்தலில் தோற்றதே இல்லை என்கிறார்கள் சிலர், ஒரு தடவை, இரண்டு தடவை என்கிறார்கள் வேறு சிலர். ஒரு கட்டுரைக்கு வேண்டும், சரியான வரிசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு நாள்கூட உறுப்பினராக இருக்காத ஒருவர் வாஷிங்டனுக்கு எப்படிப் போனார் என்பதும் புரியவில்லை.

வாக்குச்சீட்டு எழுதியது:

முதலில் தேதிக் குழப்பம். அப்போதெல்லாம் கூலிட்ஜின் ஊரான நார்தாம்ப்டனில் நகரத் தேர்தல் டிசம்பரில், அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தேர்தல் நவம்பரில் நடக்கும். ஜெயித்தவர் பதவியேற்பது அடுத்த ஜனவரியில். ஜெயித்த ஆண்டைப் போடுபவர்களும் பதவியேற்ற ஆண்டைப் போடுபவர்களும் கலந்து எழுதுவதால் எல்லாப் பதவியிலும் ஒரு வருடம் இடிக்கும். பதவியில் இருந்த ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

1898 டிசம்பரில் இரண்டாவது வார்டிலிருந்து நகர்மன்றத்துக்குத் தேர்வானார். ஒரே வார்டில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை. இவர் இரண்டாவதாக வந்தார். சம்பளம் கிடையாது. 1900, 1901-இல் நகர வழக்கறிஞர், ஆண்டுக்கு 600 டாலர். இந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது நகர்மன்றம், மக்கள் அல்ல. 1902-இல் மன்றம் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. 1903-இல் ஹாம்ப்ஷயர் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் பதவி காலியானபோது இடைக்கால நியமனம் கிடைத்தது. அதையே தேர்தலில் நின்று நீட்டித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

1905 டிசம்பரில் பள்ளிக் குழுத் தேர்தலில் தோற்றார். மக்களிடம் வாக்கு கேட்டுத் தோற்றது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். 1902-இல் நகர்மன்றம் கைவிட்டதையும் சேர்ப்பவர்கள் இரண்டு என்பார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை இல்லாதவருக்கு எதற்குப் பள்ளிக் குழு என்று வாக்காளர்கள் நினைத்தார்களாம். அந்த அக்டோபரில்தான் அவருக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. "கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாம்" என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

பிறகு மாநிலக் கீழவை, 1907, 1908. அங்கே இருந்துவிட்டு மேலே போகாமல் ஊருக்குத் திரும்பி மேயர் தேர்தலில் நின்றார். 1,597-க்கு 1,409, அதாவது 188 வாக்கு வித்தியாசம். 1910, 1911 இரண்டு ஆண்டும் மேயர். ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினார், நகரக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார், வரியையும் கொஞ்சம் குறைத்தார். 1912 முதல் 1915 வரை மாநில செனட், அதில் கடைசி இரண்டு ஆண்டு அவைத் தலைவர். 1916 முதல் 1918 வரை துணை ஆளுநர். 1919, 1920 ஆளுநர். 1921 மார்ச்சில் துணை அதிபர், 1923 ஆகஸ்டில் அதிபர், 1929 மார்ச் வரை.

மாநிலப் பதவி எல்லாவற்றுக்கும் அப்போது ஆயுள் ஒரே வருடம். ஆளுநருக்கும் அப்படித்தான். ஆகவே "இரண்டு முறை ஆளுநர்" என்றால் மொத்தமே இரண்டு ஆண்டு. நாலு ஆண்டு என்று போட்டிருந்தால் அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். அமெரிக்க ஆளுநர் நியமன ஆளுநர் இல்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அவைக்குறிப்பு எழுதியது:

மேலே நண்பர் விட்டது, இரண்டு செனட் தலைவர் விஷயம். 1914, 1915-இல் அவர் தலைவராக இருந்தது மாசசூசெட்ஸ் மாநில செனட்டுக்கு. அவரும் ஓர் உறுப்பினர், சக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1921 முதல் 1923 வரை தலைமை வகித்தது அமெரிக்க செனட்டுக்கு. துணை அதிபர் என்பதால் அந்த நாற்காலி தானாக வந்தது. அங்கே அவர் உறுப்பினர் இல்லை, வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிக்கலாம்.

மாசசூசெட்ஸில் துணை ஆளுநர் செனட்டுக்குத் தலைமை தாங்குவதில்லை. ஆளுநரின் ஆலோசனை மன்றத்தில் உட்காருவார், அவ்வளவுதான். அதனால் செனட் தலைவர் பதவிக்கு அங்கே தனி எடை. கூலிட்ஜின் ஊர்ப் பக்கம் அப்போது மாநில செனட்டில் இரண்டு தவணை இருந்துவிட்டு விலகுவது வழக்கம். கூலிட்ஜ் மூன்றாவது தவணைக்கு நின்றதே அந்த நாற்காலியைக் கணக்கிட்டுத்தான். அப்போதைய தலைவர் லீவை கிரீன்வுட் 1913 தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார், வழி திறந்தது. என் பார்வையில் அவருடைய அரசியல் வாழ்வின் திருப்பம் இதுதான், அவர் ஆளுநராக இருந்தபோது நடந்த 1919 பாஸ்டன் போலீஸ் வேலைநிறுத்தம் அல்ல. அதுவரை அவர் மேற்கு மாசசூசெட்ஸில் ஓர் ஊர்க்காரர். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பெயர் தெரிந்தது.

பழையகோப்பு எழுதியது:

அவைக்குறிப்பு ஐயா சொல்வது மாநிலத்துக்குள் சரி. தேசத்துக்குத் தெரியவைத்தது 1919 செப்டம்பர்தான். "மேயரின் போலீசை ஆளுநர் அடக்கினார்" என்று பலரும் எழுதுவது தப்பு என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

பாஸ்டன் போலீசின் கட்டுப்பாடு 1885-லேயே நகரத்திடமிருந்து மாநிலத்துக்குப் போய்விட்டது. கமிஷனரை நியமித்து வந்தவர் ஆளுநர். அப்போதைய கமிஷனர் எட்வின் கர்ட்டிஸ், கூலிட்ஜுக்கு முந்தைய ஆளுநர் நியமித்தவர். மேயர் ஆண்ட்ரூ பீட்டர்ஸ் கையில் இருந்தது பணம் மட்டும். கட்டளை ஒருவரிடம், சம்பளம் இன்னொருவரிடம் என்று இருந்ததால்தான் பிரச்சினை முற்றியது. காவலருக்கு ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 1,100 டாலர், சீருடையை அவரே வாங்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சங்கமாகச் சேர்ந்தார்கள். கர்ட்டிஸ் அதைத் தடைசெய்து 19 பேரை இடைநீக்கினார். வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக 1,134 வாக்கு, எதிராக 2. செப்டம்பர் 9 மாலை 1,544 காவலர்களில் 1,117 பேர் வெளியேறினார்கள்.

அன்றிரவு கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன, கொள்ளை நடந்தது. ஆளுநர் அசையவில்லை. 10-ஆம் தேதி மேயர் ஒரு பழைய சட்டப் பிரிவைத் தேடிப் பிடித்து, நகரில் இருந்த மாநிலக் காவற்படைப் பிரிவுகளை அழைத்து, கர்ட்டிஸை ஓரங்கட்டிப் போலீஸ் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். 11-ஆம் தேதிதான் கூலிட்ஜ் மாநிலக் காவற்படை முழுவதையும் இறக்கி, அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றி, கர்ட்டிஸை மறுபடி உட்காரவைத்தார். பாஸ்டனின் மோசமான நேரம் அதற்குள் ஏறக்குறைய கடந்திருந்தது. தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் தந்தியில் முறையிட்டபோது கூலிட்ஜ் அனுப்பிய பதில்தான் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது: பொதுப் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை யாருக்கும், எங்கும், எப்போதும் இல்லை.

வெளியேறியவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. அவர்கள் கேட்ட சம்பள உயர்வும் இலவசச் சீருடையும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தன. இவரைத் தொழிலாளர் விரோதி என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் 1912-ஐப் பார்ப்பதில்லை. லாரன்ஸ் நெசவாலை வேலைநிறுத்தத்தில் சமரசக் குழுவின் தலைவர் இதே கூலிட்ஜ். ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது.

வாக்குக் கணக்கில் விளைவு தெரியும். 1918-இல் ரிச்சர்ட் லாங்கை 16,000 சொச்சம் வாக்கில்தான் வென்றார். 1919-இல் அதே லாங், வித்தியாசம் ஏறக்குறைய 1,25,000.

வாக்குச்சீட்டு எழுதியது:

அடுத்த படி 1920 ஜூன், சிகாகோ குடியரசுக் கட்சி மாநாடு. அதிபர் வேட்பாளருக்கான முதல் சுற்றில் கூலிட்ஜுக்குக் கிடைத்தது 34 வாக்கு. வுட், லோடன், ஜான்சன் எல்லாம் எங்கோ முன்னால். பத்தாவது சுற்றில் ஹார்டிங் தேர்வானார். துணை அதிபருக்கு விஸ்கான்சின் செனட்டர் லென்ரூட் என்று மேலிடம் பேசி முடித்திருந்தது. பிரதிநிதிகளுக்கு ஒரே எரிச்சல்: அதிபர் வேட்பாளரும் செனட்டர், இவரும் செனட்டரா? ஆரிகன் பிரதிநிதி வாலஸ் மெக்கமாண்ட் எழுந்து கூலிட்ஜ் பெயரைச் சொன்னதும் மாநாடு அந்தப் பக்கம் சாய்ந்தது. கூலிட்ஜுக்கு 674½, லென்ரூட்டுக்கு 146½. காங்கிரஸில் இருந்ததில்லை என்பது அன்றைக்கு அவருக்குக் குறையாக இல்லை, அதுவே வசதியாகிவிட்டது.

தாள்புரட்டி எழுதியது:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. அதிபராக இரண்டு தடவை உறுதிமொழி எடுத்தார் என்கிறார்கள். 1923, 1925 என்று எண்ணுகிறார்களா?

அவைக்குறிப்பு எழுதியது:

இல்லை, 1923-லேயே இரண்டு. அதிபர் ஹார்டிங் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தது ஆகஸ்ட் 2. கூலிட்ஜ் அப்போது வெர்மான்ட்டில், பிளிமத் நாட்ச்சில், அப்பா வீட்டில் இருந்தார். வீட்டில் தொலைபேசி இல்லை. நள்ளிரவு தாண்டிச் செய்தியை ஆள் கொண்டுவந்து கொடுத்தார். ஆகஸ்ட் 3 அதிகாலை 2:47-க்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த அப்பாவே உறுதிமொழி செய்துவைத்தார்.

மாநிலம் நியமித்த நோட்டரி, மத்தியப் பதவிக்கு உறுதிமொழி செய்துவைக்கலாமா என்று சட்டச் சந்தேகம் கிளம்பியது. ஆகஸ்ட் 21 அன்று வாஷிங்டன் வில்லர்ட் ஹோட்டலில், நீதிபதி ஹோலிங் முன்னால் சத்தமில்லாமல் மறுபடி எடுத்தார். ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியவில்லை. 1924 தேர்தலில் தன் சொந்தப் பெயரில் நின்று 382 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். அதற்காக 1925 மார்ச் 4-இல் எடுத்தது மூன்றாவது. கட்டுரையில் எந்த உறுதிமொழி என்று தேதியோடு போட்டுவிடுங்கள்.