கிரூசிபிள் அரங்கம் இருக்கும் இடத்தில் ஒரு பப்

ஷெஃபீல்டுவாசி:

பழைய பப்களின் வரலாற்றைத் தேடிப் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் போனேன். ஆனால் நான் தேடிய பப் இப்போது இல்லை.

ஸ்னூக்கர் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள கிரூசிபிள் அரங்கம் தெரியாமல் இருக்காது. 1977 முதல் உலகச் சாம்பியன்ஷிப் அங்கேதான். ஒரு தடவை ஆட்டம் பார்க்கப் போனபோது, இடைவேளையில் டீக்கு நின்ற வரிசையில் முன்னால் இருந்த பெரியவர் காலால் தரையைத் தட்டிக் காட்டி, "வெட்னெஸ்டே பிறந்த இடம் இது, தெரியுமா?" என்றார். ஷெஃபீல்டு வெட்னெஸ்டே கால்பந்து அணியைச் சொல்கிறார். அடெல்ஃபி ஹோட்டல் என்று ஒரு பப் இங்கே இருந்ததாம். அதை இடித்த பிறகுதான் அரங்கம் வந்ததாம். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

அரங்கத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தைத் தாண்டினால் சர்ரே தெருவில் மத்திய நூலகம். உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் இருந்தவர் முதலில் எடுத்துக் கொடுத்தது பத்திரிகை அல்ல, பழைய வணிக விவரத் திரட்டு. தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் ஆட்களின் பெயர் போட்ட தடிப் புத்தகம். "முதலில் பப் நடத்தியவர் பெயரைப் பிடியுங்கள்" என்றார். காரணம் இருக்கிறது. அந்தக் காலச் செய்திகளில் பல சமயம் பப்பின் பெயரே வராது, 'இன்னார் வீட்டில் கூட்டம்' என்றுதான் இருக்கும். அந்த இன்னார் யார், எந்த வருடம் எந்தக் கடையை நடத்தினார் என்று தெரியாவிட்டால் செய்தி கண்ணெதிரே ஓடினாலும் பிடிபடாது. அப்புறம் பழைய வரைபடம். 'பி.எச்.' (பப்ளிக் ஹவுஸ்) என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் பப் என்று அர்த்தம்.

பெரியவர் சொன்னது சரிதான். 1867 செப்டம்பர் 4, அதுவும் ஒரு புதன்கிழமை, மாலையில் அடெல்ஃபியில் கூட்டம். கூடியவர்கள் கிரிக்கெட்காரர்கள். வேலைக்காரர்களும் சிறு பட்டறைக்காரர்களும் புதன்கிழமை மதியம் ஓய்வு எடுத்து விளையாடிய சங்கம் அது; வெட்னெஸ்டே, அதாவது புதன், என்ற பெயரும் அதனால்தான். குளிர்காலத்தில் ஆட்கள் கலைந்துவிடாமல், உடம்பும் கெடாமல் இருக்கக் கால்பந்து ஆடலாம் என்று முடிவு. அன்றைக்கே 60 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அக்டோபரில் மெக்கானிக்ஸ் அணியை மூன்று கோலும் நான்கு 'ரூஜு'மாக வென்றார்கள். ரூஜ் என்பது கோலுக்கு இரண்டு பக்கமும் தள்ளி நட்ட வெளிக் கம்பங்களுக்குள் பந்தை அடித்து, பிறகு அதைப் போய்த் தொட்டால் கிடைப்பது. ஷெஃபீல்டுக்கென்று அப்போது தனி விதிகள் இருந்தன.

நான் எதிர்பார்க்காதது வேறு. ஷெஃபீல்டும் லீட்ஸும் இருக்கும் பெரிய வட்டாரம்தான் யார்க்‌ஷயர். யார்க்‌ஷயர் கவுண்டி கிரிக்கெட் சங்கம் தொடங்கியதும் இதே அடெல்ஃபியில்தான், 1863 ஜனவரி 8-ல். யார்க்‌ஷயர் கிரிக்கெட் என்றாலே லீட்ஸ் நகரம், அங்குள்ள ஹெடிங்லி மைதானம் என்று நினைப்போம். ஆனால் அங்கே தலைமையிடம் போனது 1903-ல்தான். ஷெஃபீல்டின் பிராமல் லேன் மைதானத்தில் கடைசி கிரிக்கெட் ஆட்டம் 1973 ஆகஸ்டில். அப்புறம் ஆடுகளத்தின் மேலேயே கால்பந்துக்கான கேலரி எழுந்தது. இந்த ஊர்ப் பெரியவர்களிடம் இதைப் பேச்செடுத்தால் இன்றும் கோபம் வரும்.

ஏன் பப்பில் என்றால், சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பப்பில் ஒரு பெரிய அறை இருக்கும், குளிருக்குக் கணப்பு இருக்கும். நடத்துபவருக்கோ அறுபது பேர் பீர் குடித்தால் லாபம். வரலாறு என்று நாம் தேடுவதில் பாதி இந்தக் கணக்குதான்.

லண்டன் தெற்குக்கரை:

சுவரில் மாட்டியதை மட்டும் நம்பாதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். லண்டனில் லாங் ஏக்கர் தெருவில் ஃப்ரீமேசன்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப். உள்ளே கால்பந்து நினைவுப் பொருள்கள் நிறைய. என்னோடு வந்த நண்பர் "இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் பிறந்த இடம்" என்று வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். 1863 அக்டோபர் 26-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்க எபனீசர் மார்லியும் மற்றவர்களும் கூடியது ஃப்ரீமேசன்ஸ் டாவர்னில். அது கிரேட் குவீன் தெருவில் இருந்தது. அங்கே இப்போது கனாட் ரூம்ஸ் கட்டடம். நடந்தால் சில நிமிடம்தான், ஆனால் இடம் வேறு. நண்பரிடம் சொன்னேன். "பீர் நல்லா இருக்கு, விடு" என்றார். பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பிடிப்பதுதான் என் வழக்கம்.

பழைய குத்துச்சண்டைப் பிரியன்:

பெயர் மாறிய பப்களும் உண்டு. லண்டனில் லெஸ்டர் சதுக்கம் பக்கம் பான்டன் தெருவில் 'டாம் கிரிப்' என்ற பப். குத்துச்சண்டை வீரர் கிரிப் அங்கே இருந்த காலத்தில் அதன் பெயர் யூனியன் ஆர்ம்ஸ். கையுறை இல்லாச் சண்டையில் 1810-லும் 1811-லும் டாம் மோலினோவை வென்றவர் அவர். மோலினோ அமெரிக்காவில் அடிமையாக இருந்து வந்தவர். அவரைத் தயார் செய்த பில் ரிச்மண்டும் அடிமையாகப் பிறந்தவர்தான். அவரே 1805-ல் கிரிப்பிடம் தோற்றவர். ரிச்மண்டும் கிரிப்பும் பிற்பாடு நண்பர்களானார்கள். 1821-ல் நான்காம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவில் இரண்டு பேரும் வாசல் காவலுக்கு நின்ற குத்துச்சண்டைக்காரர்களில் இருந்தார்கள். 1829 டிசம்பரில் ரிச்மண்ட் தன் கடைசி மாலையைக் கழித்தது கிரிப்பின் பப்பில். 2015-ல் அங்கே ரிச்மண்டுக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

ரிச்மண்டும் ஒரு பப் நடத்தினார். ஹார்ஸ் அண்ட் டால்ஃபின், அதுவும் லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான். ஷெஃபீல்டுக்காரர் சொன்ன முறையில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தின் வரிப் பதிவேடுகளில் அவர் பெயரைத் தெருவாரியாகத் தேடப் போகிறேன். அந்தப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் இருந்தால் எந்த வட்டாரத்தில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.