நேபாள மலையேற்றத்திற்கு டவுன் ஸ்லீப்பிங் பேக்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் வாங்கும் முன் அறிய வேண்டியவை

கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலருக்கும் முதல் ஆண்டு முடிவதற்குள் ஒன்று தெரிந்துவிடுகிறது. இங்கிருந்து காட்மாண்டுவுக்கு நேரடி விமானம் உண்டு, ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய நாலரை மணி நேரப் பயணம்தான். தீபாவளி விடுமுறையை ஒட்டிச் சில நாட்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டால், நேபாளத்தில் வானம் தெளிந்து நடைக்கு ஏற்றதாக இருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே போய் வந்துவிடலாம். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் பிறந்ததும் "அண்ணே, எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்குவது?" என்ற கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில், உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். கேமரன் மலையில் இரவுக் குளிர் பதினைந்து டிகிரி அளவில்தான் இருக்கும். ஒரு கம்பளி போதும். கினபாலு 4,095 மீட்டர் உயரம் என்றாலும், மேலே பனலாபானில் தங்கும் விடுதிகளில் படுக்கையும் போர்த்திக்கொள்வதற்கானவையும் அங்கேயே தந்துவிடுவார்கள். தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தஹானுக்குப் போகிறவர்களுக்கு மழையும் ஈரமும்தான் பெரிய தொல்லை என்பதால், அதற்கு மெல்லிய செயற்கை இழைப் பையே பொருத்தம். டவுன் பை, அதாவது பறவையின் மென்னிறகு அடைத்த பை, எவரெஸ்ட் அடிவார முகாம், அன்னபூர்ணா, லடாக், உத்தராகண்டின் குளிர்கால நடைகள் போன்ற, வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் இடங்களுக்கு உரியது.

நான் முதன்முறை போனபோது, பையின் உறையில் பெரிய எழுத்தில் '-5' என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஒன்றை வாங்கினேன். விற்றவரும் அதைத் தாண்டி எதையும் விளக்கவில்லை. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் உள்ள லொபுசேயில் ஒரு தேநீர் விடுதியில் தங்கினோம். அந்த விடுதிகளில் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் அடுப்பு எரியும். படுக்கும் அறைக்கு ஒட்டுப் பலகைச் சுவரைத் தவிர வேறு காப்பு கிடையாது. இரவு பதினொரு மணிக்கு முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டவன் விடியும்வரை நிமிரவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் காலையில் சாய்த்தபோது, மேலே படிந்திருந்த பனிக்கட்டி ஒரு தட்டுப் போலச் சரிந்து வாயை அடைத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் என்னோடு வந்த நண்பர், என் பையைவிட விலை குறைந்த பையில், அசையாமல் தூங்கினார். அவருடைய பையின் உள்துணியில் தைத்திருந்த சிறிய சீட்டைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது.

ஸ்லீப்பிங் பேக்குகளின் வெப்ப அளவைச் சோதிக்க ஒரு பொது நெறி இருக்கிறது. முன்பு ஈஎன் 13537 என்ற ஐரோப்பிய நெறியாக இருந்தது. 2016இல் ஐஎஸ்ஓ 23537 என்று ஆனது. வெப்பமூட்டிய மனிதப் பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து அளந்து, அதிலிருந்து சில எண்களைக் கணக்கிடுகிறார்கள். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு சராசரிப் பெண் இயல்பாகக் கிடந்து குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு, நடுங்காமல் ஒருவாறு தாங்கக்கூடிய வெப்பநிலை. 'எக்ஸ்ட்ரீம்' என்பது ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்பதற்கான எண். அதைத் தூக்கத்தோடு சேர்த்து எண்ணவே கூடாது. என் பையின் -5 லிமிட் எண். நண்பருடைய பையில் கம்ஃபர்ட் எண்ணே -7 ஆக இருந்தது.

எனவே கம்ஃபர்ட் எண்ணை மட்டுமே பாருங்கள், ஆணாக இருந்தாலும் அதையே பாருங்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட அந்தச் சராசரி ஆண் 25 வயது, 73 கிலோ எடை உள்ளவர். மதுரையிலும் சென்னையிலும் வளர்ந்து, இங்கே ஏர்கோனை 24இல் வைத்துத் தூங்கிப் பழகிய நம் உடம்பு அந்தக் கணக்கில் இல்லை. போகிற இடத்தில் எதிர்பார்க்கும் இரவுக் குளிரைவிட ஐந்து டிகிரி கீழே உள்ள கம்ஃபர்ட் எண்ணைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அக்டோபர், நவம்பரில் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு -5 முதல் -10 வரை கம்ஃபர்ட் உள்ள பையும், எவரெஸ்ட் வழியில் 5,000 மீட்டரைத் தாண்டும் கோரக்ஷேப் வரை போகிறவர்களுக்கு -10 அல்லது அதற்கும் கீழே உள்ள பையும் வேண்டும். விடுதியில் தரும் கனத்த ரஜாயை மேலே போட்டுக்கொள்ளலாம்தான்; ஆனால் கூட்டம் மிகுந்த நாட்களில் ஆளுக்கொன்று கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இணையத்தில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தயாரிப்புகளில் எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். '20 டிகிரி' என்று போட்டிருந்தால் அது நம் அளவில் -7. '0 டிகிரி' என்று போட்டிருந்தால் -18. அதோடு, எந்த நெறியையும் குறிப்பிடாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டிருக்கும் மலிவுப் பைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இனி உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். டவுன் என்பது வாத்து, கூஸ் போன்ற நீர்ப்பறவைகளின் வெளியிறகுக்கு அடியில், தோலை ஒட்டி வளரும் பஞ்சு போன்ற இறகு. அன்னத்தின் தூவி என்று நம் முன்னோர் மென்மைக்கு உவமையாகச் சொன்னது இந்த வகை இறகைத்தான். இது தானாகச் சூடு தருவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருக்கிறது. அந்தக் காற்றுதான் நம் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ஆகவே எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு கதகதப்பு. ஃபில் பவர் என்ற எண் சொல்வது இந்த உப்பலைத்தான். 800 என்றால், ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் இறகு 800 கன அங்குல இடத்தை நிறைக்கிறது என்று பொருள். நம் அளவில் ஏறக்குறைய 13 லிட்டர். குளியலறை வாளி ஒன்றை நிறைத்துவிடும்.

ஆனால் ஃபில் பவரை மட்டும் கேட்டுவிட்டு வாங்கிவிடக் கூடாது. எத்தனை கிராம் இறகு அடைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 800 எண் கொண்ட இறகு 500 கிராமும், 600 எண் கொண்ட இறகு 700 கிராமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உப்பும். வேறுபாடு முதுகில் ஏறும் 200 கிராமிலும் விலையிலும்தான். சுமைதூக்கியை அமர்த்திக்கொண்டு போகிறவர்கள் 600, 650 எண் உள்ள பையை வாங்கி, மிச்சமாகும் ரிங்கிட்டை நல்ல ஜாக்கெட்டில் போடலாம். சுமையைத் தானே தூக்குகிறவர்களுக்கு 800 எண் கொடுக்கும் விலைக்குத் தகும்.

கடையில் பையைப் பார்க்கும்போது விரித்துப் போடச் சொல்லுங்கள். தலையை மூடும் குல்லாய்ப் பகுதியும், கழுத்தைச் சுற்றி இறகு அடைத்த பட்டையும், ஜிப்பின் உட்புறம் முழுநீளத்திற்கு ஒரு இறகுத் திண்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பை எத்தனை உப்பினாலும் சூடு ஒழுகிவிடும். அடுத்து, தையல் கோட்டை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். மேல்துணியும் உள்துணியும் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அங்கே இறகே இல்லை என்று அர்த்தம். கோடைக்கு அது போதும், உறைநிலைக்குப் போதாது. இரண்டு துணிகளுக்கும் நடுவே சிறிய தடுப்புத் துணியைச் சுவர்போல் வைத்துத் தைத்த பைகளே கடுங்குளிருக்கு ஏற்றவை. உள்ளே படுத்தும் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். தோள் இறுக்கினால் இறகு நசுங்கும். காலடியில் ஒரு முழம் இடம் மிஞ்சினால் அந்த வெற்றிடத்தைச் சூடாக்குவது உங்கள் உடம்பின் வேலையாகிவிடும்.

தரைவிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் படுத்திருக்கும் பக்கத்து இறகு நம் எடையில் நசுங்கிவிடுவதால் கீழிருந்து வரும் குளிரை அது தடுக்காது. தேநீர் விடுதியில் மெத்தை இருக்கும். கூடாரத்தில் தங்குகிறவர்கள், தரைக்குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் வேல்யூ என்ற எண் 4க்குக் குறையாத விரிப்பு எடுத்துப் போக வேண்டும்.

இதுவரை சொன்னவை எந்த ஊரில் இருந்து கிளம்புகிறவருக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது இங்கே வசிக்கிற நமக்கே உரியது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான் அந்தப் பை மலையில் இருக்கும். மீதி முந்நூற்றைம்பது நாட்களும் அது கோலாலம்பூரின் புழுக்கத்தில் கிடக்கும். டவுனுக்கு ஈரம் பெரும் பகை. நனைந்த இறகு கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். என் இரண்டாவது பையை, நல்ல பையை, ஊரிலிருந்து திரும்பிய களைப்பில் அதன் சுருக்குப் பையிலேயே திணித்தபடி கொண்டோவின் ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்துப் பிரித்தபோது ஈரச்சாக்கு வாடை அடித்தது. உள்துணியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. நெஞ்சுப் பகுதியில் இறகு கோலிக்குண்டு அளவு உருண்டைகளாகக் கிடந்தது. வாங்கிய புதிதில் அதைத் தரையில் விரித்து உதறி, இரண்டு மணி நேரம் விட்டு, பள்ளி அடிக்கோலால் நெஞ்சுப் பகுதியின் உயரத்தை அளந்து பதினாறு சென்டிமீட்டர் என்று எழுதிவைத்திருந்தேன். அன்று அளந்தால் பத்தைத் தாண்டவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சுருக்குப் பை பயணத்திற்கு மட்டும்தான்; வீட்டில் அதை வேறிடத்தில் வைத்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கைப் பெரிய பருத்தி உறையில், பழைய தலையணை உறைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தாலும் போதும், தளர்வாகப் போட்டு, நீங்கள் இரவில் ஏர்கோன் போட்டுத் தூங்கும் அறையின் அலமாரியில் தொங்கவிடுங்கள். அந்த அறைதான் வீட்டில் ஈரம் குறைந்த இடம். பேரங்காடிகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதில் சேரும் நீர் பையில் சிந்திவிடாத தூரத்தில் இருக்கட்டும். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை இறகில் ஏறினால் லேசில் போகாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே அரை நாள் போட்டு உதறி வையுங்கள். பால்கனியில் காயப்போட்டால் மூன்று மணி மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலிலும் நெடுநேரம் விடக் கூடாது, மெல்லிய நைலான் துணி நைந்துபோகும்.

துவைப்பதற்கு, முன்பக்கக் கதவு உள்ள பெரிய இயந்திரங்கள் இருக்கும் சுயசேவை டோபி கடைகள் நமக்கு ஒரு வரம். மேலிருந்து போடும், நடுவில் தண்டு சுழலும் இயந்திரம் உள்தடுப்புகளைக் கிழித்துவிடும். சாதாரண சோப்புத்தூள் இறகின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும் என்பதால் டவுனுக்கென்று விற்கும் திரவத்தையே வாங்குங்கள். இரண்டு முறை அலசுங்கள். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். குழந்தையை ஏந்துவது போல இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள். பிறகு மிகக் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளையும் சேர்த்துப் போட்டு உலர்த்துங்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும், காசுகளை மாற்றிவைத்துக்கொண்டு போங்கள். வெளியே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும்போதும் உள்ளே உருண்டைகள் தட்டுப்பட்டால் இன்னும் காயவில்லை என்று பொருள். என் பையையும் இப்படித்தான் பெருமளவு மீட்டேன். அடிக்கோல் பதினான்கு காட்டியது, பூஞ்சணக் கறை மட்டும் போகவில்லை.

சென்ற வாரம் சுத்த சைவரான ஒரு தங்கை, பறவையின் இறகைப் போர்த்துக்கொள்வது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அது மதிக்க வேண்டிய கேள்வி. என் அம்மாவும் இதையே கேட்டார். உயிரோடு பறவைகளிடமிருந்து இறகு பிடுங்குவதையும், அவற்றுக்கு வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் தடைசெய்யும் ஆர்டிஎஸ் என்ற சான்று 2014 முதல் இருக்கிறது. அந்த முத்திரை உள்ள பைகளை நான் வாங்குகிறேன். ஆனாலும் அந்த இறகு இறைச்சிக்காக வளர்க்கப்படும் பறவையிடமிருந்து வருவதுதான். மனம் ஒப்பவில்லை என்றால் செயற்கை இழைப் பையை வாங்குங்கள், தங்கையே. அதே கதகதப்புக்கு அது கூடுதல் கனமாகவும், அடைக்கும்போது பெரிதாகவும் இருக்கும். நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், இந்த ஊர்ப் புழுக்கத்தையும் டவுனைவிட நன்றாகத் தாங்கும்.

வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: ஒருமுறை மட்டும் போவதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். நல்ல பை என்றால் ஆயிரம் ரிங்கிட்டை எளிதாகத் தொட்டுவிடும். காட்மாண்டுவின் தமேல் பகுதியில் நாள்வாடகைக்குத் தரும் கடைகள் நிறைய உண்டு. அங்கே தைத்திருக்கும் எண்ணை நம்பாமல், பையை விரித்து உதறிச் சற்று நேரம் காத்திருந்து, நெஞ்சுப் பகுதியிலும் பாதப் பகுதியிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கை உடனே தரையை உணர்ந்தால் அந்தப் பையை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்தால், இறகு இல்லாத இடங்கள் வெளிறித் தெரியும். ஜிப்பை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மூன்று முறை இழுத்துப் பாருங்கள். உள்ளே போட்டுக்கொள்ளும் பட்டு லைனர் ஒன்றை மட்டும் இங்கிருந்தே வாங்கிப் போய்விடுங்கள். எத்தனையோ பேர் படுத்த பை அது.