ஈஸ்திரஜனும் வளர்ச்சிக் காரணிகளும் மூளையில் எவ்வாறு இணைகின்றன?

உயிரியல் ஆசிரியை, ஹட்டன்:
வணக்கம். பெண் ஓமோனான ஈஸ்திரஜன் கருப்பையோடு நின்றுவிடாமல், ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸிலும் நரம்புக்கலங்களின் இணைப்புகளைக் கூட்டுகிறது என்று உயர்தர வகுப்பில் கூறினேன். "அப்படியென்றால் பி.டி.என்.எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் எதற்கு டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். (கலங்கள் வளரவும் பிழைக்கவும் உதவும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள்; பி.டி.என்.எஃப் மூளையில் உள்ள அத்தகைய ஒன்று.) ஓமோன் கட்டளையிடுகிறது, காரணி நிறைவேற்றுகிறது என்று விளக்கலாமா? மாதவிடாய் நின்ற பின் மறதியால் வருந்தும் தன் தாய்க்கு ஓமோன் மாத்திரை உதவுமா என்றும் அவள் கேட்கிறாள்.

ஆய்வு மாணவர், பேராதனை:
டீச்சர், அந்த விளக்கம் ஓரளவுக்கே பொருந்தும். பெண் எலியின் 4 அல்லது 5 நாள் இனப்பெருக்கச் சுழற்சிக்குள்ளேயே ஹிப்போகம்பஸ் கலக்கிளைகளின் நுண்முட்கள் (பிற நரம்புக்கலங்களோடு இணையும் சிறு புடைப்புகள்) கூடிக் குறைவதை வூலி, மெக்யூவன் முதலானோர் 1990இல் காட்டினர். பி.டி.என்.எஃப் பரம்பரையலகில் ஈஸ்திரஜன் வாங்கி (ஓமோனை ஏற்கும் கலப்புரதம்) பற்றக்கூடிய ஒரு டி.என்.ஏ வரிசை இருப்பது 1995இல் தெரியவந்ததால், ஓமோன் அக்காரணியின் உற்பத்தியை நேரடியாகத் தூண்டலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1இன் வாங்கியைத் தடுத்தால், நரம்புக்கலங்களுக்கு ஈஸ்திரஜன் தரும் பாதுகாப்பு குன்றுகிறது; ஈஸ்திரஜன் வாங்கியைத் தடுத்தால் அந்தக் காரணியின் பயனும் குன்றுகிறது. கலத்தினுள் இரண்டும் ஒரே சமிக்ஞைப் பாதைகளில் சந்திப்பதால், எது மேலே எது கீழே என்று வரிசைப்படுத்த இயலாது. வகுப்பில் இதை அழுத்திச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

வாசகர், பண்டாரவளை:
எதிர்த்திசைச் சான்றும் உண்டு. மர்ஃபி, சீகல் ஆகியோர் 1998இல் வளர்ப்புக் கலங்களில் செய்த ஆய்வில், ஈஸ்திரஜன் பி.டி.என்.எஃப் அளவைக் குறைத்தே நுண்முட்களைப் பெருக்கியது. வெளியிலிருந்து அக்காரணியைச் சேர்த்தபோது அந்தப் பெருக்கம் நின்றுவிட்டது. எந்தக் கலம், எந்தச் சூழல் என்பதைக் கூறாமல் "கூட்டுகிறது" என்று மட்டும் சொல்வது போதாது. மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னோர் உதாரணம் கானரிப் பறவை: வளர்ந்த பெண் பறவைக்கு ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், பாட்டுக்குரிய மூளைப் பகுதியில் முதலில் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி பெருகுகிறது, புதிதாக விரியும் குழாய்களின் சுவர்க்கலங்கள் பி.டி.என்.எஃப்பைச் சுரக்கின்றன, அதன் துணையால் புதிய நரம்புக்கலங்கள் அங்கே வந்து நிலைக்கின்றன.

மருத்துவர், நுவரெலியா:
மாணவியின் தாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 65 வயதைக் கடந்த பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் 2003ஆம் ஆண்டு முடிவில், ஈஸ்திரஜனும் புரொஜெஸ்டினும் (மற்றொரு பெண் ஓமோன் வகை) சேர்ந்த மாத்திரை மறதிநோய் அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. ஆகவே ஞாபகத்துக்காக இம்மாத்திரையைத் தொடங்க வேண்டாம். கடும் உடற்சூடு, வியர்வை போன்றவற்றுக்கு, மாதவிடாய் நின்ற காலத்தை ஒட்டி அதைக் கொடுப்பது வேறு விடயம். அதை நேரில் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தோட்டப் பெண்களிடம் இரத்தசோகையை அடிக்கடி காண்கிறோம் என்பதால், முதலில் ஹீமோகுளோபின், தைரொயிட், பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.