கைனசின் கிளைடிங் சோதனை: பாதி நுண்குழல்கள் அசையவில்லை, நகர்பவை துண்டாகின்றன

கேள்வி: இழைநடை

கைனசின் என்பது டியூபுலின் புரதத்தால் ஆன நுண்குழல் இழைகளின் மேல், ஏடிபியை எரிபொருளாகக் கொண்டு நடக்கும் மோட்டார் புரதம். கிளைடிங் சோதனையில் அதைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் நுண்குழல்கள் சறுக்குவதைப் பார்க்கிறோம். மனித கைனசின்-1இன் முதல் 560 அமினோ அமிலங்கள் கொண்ட கே560ஐ ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, வால்முனையில் உள்ள ஆறு ஹிஸ்டிடின்களைக் கொண்டு நிக்கல் பத்தியில் பிரித்தெடுத்தோம். சோதனை அறை 10 மைக்ரோலிட்டர் கொள்ளும்: ஸ்லைடு, இரட்டைப் பக்க டேப், மேலே கவர்ஸ்லிப். முதலில் கண்ணாடியைப் பூச 0.5 மி.கி./மி.லி. கேசீன் (பால் புரதம்) 5 நிமிடம், பிறகு கைனசின் 5 நிமிடம், கடைசியில் ரோடமின் என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய நுண்குழல்கள், 1 மில்லிமோலார் ஏடிபி, நுண்குழல்கள் கலையாமல் காக்க 10 மைக்ரோமோலார் டாக்ஸால். எல்லாம் நுண்குழல் சோதனைகளுக்கு வழக்கமான பிஆர்பி80 பஃபரில், 25 டிகிரியில்.

நுண்குழல்கள் பரப்பில் வந்து ஒட்டுகின்றன. ஆனால் பாதி அசைவதே இல்லை. அசைபவை விநாடிக்கு 0.2 மைக்ரோமீட்டர்தான் போகின்றன, அதுவும் திக்கித் திக்கி. ஒரு நிமிடம் தொடர்ந்து ஒளி பட்டால் துண்டு துண்டாகிவிடுகின்றன. ஏடிபியைக் கூட்டினால் சரியாகுமா?

இன்னொன்று: கைனசின் நுண்குழலின் நேர்முனை (பிளஸ் முனை) நோக்கி நடக்கும் என்றால், இங்கே எந்த முனை முன்னால் போக வேண்டும்?

பதில்: தலையும் வாலும்

ஏடிபியைக் கூட்டுவதில் பயனில்லை. கைனசின்-1இன் அரைவேகத்துக்குத் தேவைப்படும் ஏடிபி சில பத்து மைக்ரோமோலார்தான். வேகம் கால்வாசிக்கு இறங்க வேண்டுமானால் அறையில் ஏடிபி 20 மைக்ரோமோலார் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். 1 மில்லிமோலார் ஊற்றிய அறையில் சில நிமிடங்களில் அவ்வளவு தீராது. மேலும் ஏடிபி குறைந்தால் எல்லா நுண்குழல்களும் ஒரே சீராக மெதுவாகப் போகும். பாதி நின்று பாதி திக்குவது வேறு நோய். கண்ணாடியில் ஒட்டிய கைனசினின் செயலிழந்த தலைகள் நுண்குழலைப் பிடித்து இழுக்கின்றன.

முதல் சந்தேகம் உங்கள் புரதத்தின் வடிவத்தின் மேல்தான். முழுநீளக் கைனசினில் முன்னால் இரண்டு தலைகள், நடுவில் நீண்ட சுருள் தண்டு, கடைசியில் வால். தலையில்தான் ஏடிபி இருக்கும் பள்ளமும் நுண்குழலைப் பற்றும் பகுதியும். கேசீன் பூசிய கண்ணாடியில் வாலும் தண்டும் ஒட்டிக்கொள்ள, தலைகள் மேலே சுதந்திரமாக நிற்கும். மூளையிலிருந்து பிரித்த முழுநீளக் கைனசின் கேசீன் மேல் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். கே560இல் வால் இல்லை, தண்டும் குட்டை. அதை நேரடியாக ஊற்றினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒட்டும். தலை கண்ணாடியில் ஒட்டினால் சிதையும்.

வரிசையை மாற்றுங்கள். ஹிஸ்டிடின் வாலுக்கான ஆன்டிபாடி முதலில், 0.1 மி.கி./மி.லி., 5 நிமிடம். பிறகு கேசீன் 5 நிமிடம். அதன் பிறகு கைனசின். நிக்கல் பூசிய பரப்பைவிட ஆன்டிபாடியே மேல், ஏனெனில் பிஆர்பி80இல் உள்ள 1 மில்லிமோலார் இஜிடிஏ (உலோக அயனிகளைப் பிடிக்கும் பொருள்) நிக்கலைப் பறித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை திரவம் மாற்றும்போதும் காற்றுக் குமிழி உள்ளே போகக் கூடாது. குமிழியின் விளிம்பு கடந்த இடத்தில் மோட்டார்கள் செத்துவிடும்.

பதில்: குளிர்மையம்

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் புரதத் தயாரிப்பையும் பாருங்கள். பள்ளத்தில் நியூக்ளியோடைடு (ஏடிபி போன்ற மூலக்கூறு) இல்லாத கைனசின் நிலையற்றது, விரைவில் கெட்டுவிடும். பிரித்தெடுக்கும் ஒவ்வொரு பஃபரிலும் மெக்னீசியமும் 0.1 மில்லிமோலார் ஏடிபியும் இருக்க வேண்டும். சிறு பங்குகளாகப் பிரித்து, சுக்ரோஸ் சேர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து -80இல் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கெட்ட தலைகளைப் பிரித்தெறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. கைனசினை நுண்குழல்களோடு 1 மில்லிமோலார் ஏஎம்பி-பிஎன்பியில் (கைனசினால் உடைக்க முடியாத போலி ஏடிபி) கலந்தால் தலைகள் இறுகப் பற்றிக்கொள்ளும். சுக்ரோஸ் மெத்தையின் (அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் அடுக்கு) மேல் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, வண்டலை 5 மில்லிமோலார் மெக்னீசியம்-ஏடிபியும் 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் கொண்ட பஃபரில் கரைத்து, மறுபடி சுழற்றுங்கள். நல்ல மோட்டார்கள் விடுபட்டு மேல்நீரில் வரும். ஏடிபி கொடுத்தும் விடாதவை வண்டலில் தங்கிவிடும். விளைச்சல் குறையும், கவலைப்பட வேண்டாம்.

துண்டாவது ஒளியால். ரோடமின் ஒளியை வாங்கி ஆக்சிஜனைக் கிளர்த்துகிறது, அது டியூபுலினைத் தாக்குகிறது. உங்கள் கலவையில் ஆக்சிஜன் நீக்கியே இல்லை. 20 மில்லிமோலார் குளுக்கோஸ், 0.02 மி.கி./மி.லி. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், 0.008 மி.கி./மி.லி. கேட்டலேஸ், 10 மில்லிமோலார் டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) சேருங்கள். நொதிகளைக் கடைசி நிமிடத்தில் சேர்க்க வேண்டும். வினையில் குளுக்கோனிக் அமிலம் உண்டாவதால் நேரம் ஆக ஆக பிஎச் இறங்கும், ஆகவே ஒரே கலவையை மதியம்வரை வைத்து ஓட்டாதீர்கள். ஷட்டரைத் திறந்தே வைக்காமல் 2 விநாடிக்கு ஒரு படம் எடுங்கள், வேகம் அளக்க அது போதும்.

இழைநடை

நன்றி. ஏடிபி ஸ்டாக்கைத் தண்ணீரில் கரைத்து அப்படியே வைத்திருக்கிறோம். அது பரவாயில்லையா? முனைக் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: தலையும் வாலும்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. டைசோடியம் ஏடிபி தண்ணீரில் அமிலமாக இருக்கும், அமிலத்தில் மெல்லச் சிதையவும் செய்யும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 7க்குக் கொண்டுவந்து, சம அளவு மெக்னீசியம் குளோரைடும் கலந்து சேமியுங்கள். பஃபரில் இருக்கும் மெக்னீசியம் 1 மில்லிமோலார்தான். அதில் பெரும்பகுதியை 1 மில்லிமோலார் ஏடிபியே பிடித்துக்கொள்ளும்.

முனைக்கு வருவோம். கைனசின் கண்ணாடியில் கட்டுண்டு நிற்கிறது. அது நேர்முனை நோக்கி அடியெடுக்க முயல்வதால் நுண்குழல் எதிர்த்திசையில் தள்ளப்படும். எதிர்முனை (மைனஸ் முனை) முன்னால் போகும். எதிர்முனை நோக்கி நடக்கும் மோட்டாரான சைட்டோபிளாச டைனீனில் இது தலைகீழ். சரிபார்க்க, ஜிஎம்பிசிபிபியில் (நுண்குழலை நிலைப்படுத்தும் நியூக்ளியோடைடு) பிரகாசமான குட்டி நுண்குழல் விதைகள் செய்து, மங்கலான டியூபுலினை அதன்மேல் வளருங்கள். நேர்முனை வேகமாக வளர்வதால் பிரகாசப் பகுதி எதிர்முனைக்கு அருகில் இருக்கும். கைனசின் பரப்பில் பிரகாச முனை முன்செல்ல வேண்டும். மங்கல் முனை முன்சென்றால் உங்கள் மோட்டார் பற்றிய முடிவுகளை மறுபரிசீலனை செய்யுங்கள்.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி 8 நானோமீட்டர், அடிக்கு ஓர் ஏடிபி. விநாடிக்கு 0.8 மைக்ரோமீட்டர் என்றால் 100 அடி, தலைக்கு 50 ஏடிபி. பரப்பு சரியானால் 25 டிகிரியில் 0.6 முதல் 0.8 வரை எதிர்பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒப்பீட்டுக்கு இரண்டு அறைகள் ஓட்டுங்கள். ஒன்றில் கைனசினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேருங்கள். அதில் நுண்குழல்கள் ஒட்டினால் கேசீன் வேலை செய்யவில்லை, புதிதாகக் கரைத்து வடிகட்டுங்கள். மற்றதில் ஏடிபிக்குப் பதில் ஏஎம்பி-பிஎன்பி கொடுங்கள். அங்கே எல்லாம் ஒட்டி, எதுவும் நகராமல் இருக்க வேண்டும். நுண்குழல்களை ஐஸில் வைக்கவே வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே இருக்கட்டும்.