எந்த மொழியில் பேசுவது? நாளை வீட்டுக்காரர் வருகிறார், அவசரம்

பனிப்பூ:
பால்டிக் பக்கம் வந்து பன்னிரண்டு நாள். கிளம்புமுன் உள்ளூர் மொழியில் நாற்பது சொல் படித்துக்கொண்டு வந்தேன். மாடிப்படியில் ஒரு பாட்டியிடம் அதில் வணக்கம் சொன்னால் ரஷ்ய மொழியில் பதில் வருகிறது. சரி, இங்கே இதுதான் போல என்று மறுநாள் ஒரு அலுவலகக் கவுண்டரில் ரஷ்ய மொழியில் "ஸ்பசீபா" (நன்றி) என்றேன். அந்தம்மா முகமே மாறிவிட்டது. நாளைக் காலை வாடகை ஒப்பந்தம் போட வீட்டுக்காரர் வருகிறார். எந்த மொழியில் பேசித் தொலைப்பது?

வில்னியஸ்வாசி:
லிதுவேனியனிலேயே பேசுங்கள். 2021 கணக்கெடுப்பில் லிதுவேனியாவில் லிதுவேனியர்கள் 84 சதவீதத்துக்கு மேல். சோவியத் கால ஆலைகளுக்கு இங்கே கிராமத்து ஆட்களே கிடைத்ததால் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் குறைவு. பெரிய சிறுபான்மை போலிஷ்காரர்கள். நான் முதலில் இருந்தது ஷால்சினின்காய் பக்கம், அங்கே அவர்கள்தான் பெரும்பான்மை. மூன்று மாதம் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு லிதுவேனியன் பழகுகிறேன் என்று பெருமையாக இருந்தேன். அது போலிஷ்.

நார்வா குளிர்:
இவர் பேச்சைக் கேட்காதீர்கள். ரஷ்ய மொழி இல்லாமல் ஒரு ரொட்டி வாங்க முடியாது. எஸ்தோனியாவில் நான் இருக்கும் நார்வாவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ரஷ்யர்கள், ஆற்றைத் தாண்டினால் ரஷ்யா. ஆறு மாதம் எஸ்தோனியன் வகுப்புக்குப் போனேன். பதினான்கு வேற்றுமை! நமக்கு எட்டே தாங்கவில்லை. வெளியே வந்தால் பேசிப் பார்க்க ஆள் இல்லை.

வில்னியஸ்வாசி:
மொழியை விடுங்கள், டிசம்பர் வரட்டும். நாலு மணிக்கு முன்பே இருட்டு.

நார்வா குளிர்:
அப்புறம் ஹீட்டிங் பில். முதல் பில்லைப் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

ரீகா அக்கா:
அந்தப் பொண்ணு எந்த ஊர் என்று யாராவது கேட்டீர்களா? பால்டிக் என்றால் லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா; மூன்று நாட்டுக்கும் மூன்று மொழி. எஸ்தோனியன் ஃபின்னிஷுக்குச் சொந்தம், மற்ற இரண்டோடு ஒட்டே இல்லை.

பனிப்பூ:
அய்யோ, சொல்லவே இல்லையா! டௌகவ்பில்ஸ், லாட்வியா.

ரீகா அக்கா:
அதானே பார்த்தேன். அந்த ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் ரஷ்யர்கள். லாட்வியர் ஐந்தில் ஒருவர்தான், மீதியில் போலிஷ்காரர்களும் பெலாரசியர்களும். அதனால் பாட்டி பேசியது இயல்பு. ஆனால் கவுண்டர் வேறு கதை. 1935-இல் நாட்டில் முக்கால்வாசியாக இருந்த லாட்வியர், சோவியத் காலத்தில் வெளியிலிருந்து பலர் குடியேறியதில், 1989-இல் 52 சதவீதமாகிவிட்டார்கள். சொந்த நாட்டிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. அரசு மொழி லாட்வியன் ஒன்றுதான். எனவே அலுவலகத்தில் லாட்வியன் அல்லது ஆங்கிலம். கடையிலும் மாடிப்படியிலும் எது வருகிறதோ அது.
நாளைக்கு லாட்வியனில் வணக்கம் சொல்லுங்கள், அவர் திரும்பும் மொழிக்கு நீங்களும் திரும்புங்கள். அதைவிட முக்கியம், அந்த முகவரியில் உங்களைப் பதிவு செய்ய அவர் சம்மதிக்கிறார் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குடிவந்த ஒரு மாதத்துக்குள் முகவரியை அறிவிக்க வேண்டும். சில வீட்டுக்காரர்கள் இதில் மழுப்புவார்கள். மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பனிப்பூ:
ஒப்பந்தத்தை நேற்றே அனுப்பியிருக்கிறார், இப்போதுதான் திறந்தேன். முழுக்க ரஷ்ய மொழி.

ரீகா அக்கா:
லாட்வியப் பிரதி ஒன்று கேட்டு வாங்கு. வேறு மொழித் தாளென்றால் அலுவலகத்தில் சான்றிட்ட மொழிபெயர்ப்பு கேட்பார்கள். எத்தனை மணிக்கு வருகிறார்?

பனிப்பூ:
ஒன்பதுக்கு.

ரீகா அக்கா:
அப்படியானால் பகல் வணக்கமான "லப்டியென்" வேண்டாம், "லப்ரீட்" என்று சொல். அதுதான் காலை வணக்கம்.