“...டாச்சா?” மட்டும் கேட்டது: லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போன் கட் ஆன அனுபவங்கள்

சத்துவாச்சாரி_ராத்திரி

நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பல் தேய்க்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

வீடியோ காலில் இன்டர்வியூ. ஹெட்போன் வழக்கம்போல விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வியாதி இங்கே எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டாம். எதிரே இருந்தவர் சென்னைக்காரர், நல்ல மனிதர். வணக்கம் சொன்ன கையோடு ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது “...டாச்சா?” மட்டும். பழைய வேலையை விட்டாச்சா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டீஸ் பீரியட், மேனேஜரோடு ஒத்துப்போகாதது, மூன்று வருடமாகச் சம்பளம் ஏறாதது என்று இரண்டு நிமிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “இல்லைங்க, மணி ரெண்டாச்சே, சாப்டாச்சான்னு கேட்டேன்” என்றார். பாழாய்ப்போன ஹெட்போன் அந்த வாக்கியத்தை மட்டும் ஓர் எழுத்து குறையாமல் கொண்டுவந்து சேர்த்தது.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. குடியாத்தத்து மச்சான் படம் ஏற்றிக்கொள்வதற்காக, லேப்டாப்பில் செருகியே கிடந்த என் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். அன்று ராத்திரி பாட்டு ஒரு தடவைகூடத் திக்கவில்லை. சந்தேகம் வந்து பக்கத்து வீட்டுப் பையனிடம் இன்னொரு டிஸ்க் வாங்கி, லேப்டாப்பின் இடது பக்கம் அதே நீல நிற ஓட்டையில் செருகினேன். பாட்டு திக்க ஆரம்பித்தது. பிடுங்கினேன், சரியானது. மறுபடி செருகினேன், மறுபடி திக்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதையே பத்துப் பதினைந்து முறை செய்துகொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

காட்பாடி_மொட்டைமாடி

எங்கள் பிஜியில் (வாடகை விடுதி) ஒரு மாடிக்குப் பதினாறு பேர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதினாறு பேரின் போனிலும் ஹாட்ஸ்பாட். என் அறைக்குள் உட்கார்ந்தால் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்க முடியாது. பல்லவி வரும், சரணத்தில் பாதி காணாமல் போகும்.

ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் லேப்டாப்போடு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்க் நிழலில் (ராத்திரிதான், ஆனாலும் பழக்கதோஷம்) சாய்ந்து உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்து, ஓடி, முடிந்தது. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. ஆறு மாதமாகக் கேட்ட அந்தப் பாட்டில் நடுவே ஒரு புல்லாங்குழல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே ஜங்ஷனில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அதுகூட இனிமையாக இருந்தது.

பிறகு என் போன் ஹாட்ஸ்பாட்டை 2.4-இலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பக்கத்துக் கட்டில்காரனையும் கெஞ்சி மாற்ற வைத்தேன். அறைக்குள்ளேயே முக்கால்வாசி சரியானது. மிச்சம் பதினாலு பேரைக் கெஞ்சத் தெம்பில்லை.

வாலாஜா_ஓய்வூதியர்

தம்பிகளா, ஹார்ட் டிஸ்க் செருகினால் பாட்டு நிற்கும் என்பதெல்லாம் பூனை குறுக்கே போன கதை. முறைப்படி பார்க்க வேண்டும்.

முதலில் ஹெட்போனைப் போனோடு இணைத்து வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். அதிலும் கட் ஆனால் குற்றம் ஹெட்போனுடையது, லேப்டாப்பைக் குடையாதீர்கள். போனில் ஒழுங்காகக் கேட்டால்தான் லேப்டாப் பக்கம் வர வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, புளூடூத் அடாப்டர் மேல் இரண்டு தட்டு தட்டினால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பகுதி இருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுத்து டிக் போட்டிருப்பார்கள். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அந்தப் பகுதியே இருக்காது, என்னைத் திட்ட வேண்டாம். அடுத்து டிரைவர், அதாவது அந்த அடாப்டரை இயக்கும் மென்பொருள். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். புளூடூத்துக்கு மட்டும் போட்டால் போதாது, வைஃபைக்கும் சேர்த்துப் போடுங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் இரண்டும் ஒரே அட்டையில் குடியிருக்கின்றன, மாமியாரும் மருமகளும் மாதிரி. அதன்பின் ஹெட்போனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி புதிதாக இணையுங்கள்.

இன்னொன்று. மீட்டிங்கில் சேர்ந்தவுடன் சத்தம் பழைய டிரங்க் கால் மாதிரி ஆகிவிடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது கட் ஆவதில் சேராது. மைக் திறந்ததும் ஹெட்போன் பாட்டு கேட்கும் முறையை விட்டுவிட்டுப் பேசும் முறைக்கு மாறுகிறது. பேச்சுக்கு லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பழைய தரம் திரும்பும். இதைப் பழுது என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுபோய் முந்நூறு ரூபாய் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கு நடந்தது: இரும்பு பீரோவுக்கு அந்தப் பக்கம் போனால் பாட்டு நின்றது. பீரோவை நகர்த்த ஆளில்லை, நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்.

காட்பாடி_மொட்டைமாடி

வாலாஜா சார், மற்றதெல்லாம் சரி. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் சத்துவாச்சாரி அண்ணன் சொல்வதுதான் உண்மை. யூஎஸ்பி 3.0 (அண்ணன் சொன்ன அந்த நீல நிற ஓட்டை) வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசியும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து பார்த்து அறிக்கை போட்டது.

புளூடூத் ஓடுவதும் அதே இடம்தான், 2400-இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. பாட்டு வரும் புளூடூத்தில் அதை 79 தடமாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் விட்டுத் தடம் தாவுவார்கள். ஒரு தடத்தில் வைஃபை கூட்டம் என்றால் அதை ஒதுக்கிவிட்டு மற்றதில் தாவும் புத்தி 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே உண்டு. அதனால்தான் பிஜியில் எனக்குப் பாதிப் பாட்டாவது கேட்டது. டிஸ்க்கின் இரைச்சல் அப்படி ஒரு மூலையில் நிற்காது, மொத்த இடத்திலும் பரவும். தாவ இடம் வேண்டுமே! அண்ணா, டிஸ்க்கை ஒரு நீட்டிப்பு வயர் போட்டு லேப்டாப்பை விட்டுத் தள்ளி வையுங்கள், இல்லை வலது பக்க ஓட்டைக்கு மாற்றுங்கள்.

வாலாஜா_ஓய்வூதியர்

படித்தேன். பூனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டிரைவர் விஷயத்தை வாபஸ் வாங்க மாட்டேன்.

ஆற்காடு_மக்கன்பேடா

டிரைவர் டிரைவர் என்று நானும் மூன்று வாரம் அலைந்தேன் சார். பதினோரு தடவை நீக்கிப் பதினோரு தடவை போட்டேன்.

என் கதை வேறு. போன சித்திரையில் லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுட்டது என்று தூசி தட்டக் கொடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. வந்த நாளிலிருந்து ஹெட்போன் லேப்டாப்புக்கு ஒரு முழம் தள்ளினாலே இழுக்க ஆரம்பித்தது. மடியில் வைத்துக் குனிந்தால் கேட்கும், நிமிர்ந்தால் போய்விடும். வைஃபை ஓடிக்கொண்டிருந்ததால் கடைக்காரர் மேல் சந்தேகமே வரவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்து, ஸ்குரூக்களை வரிசையாகக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்தேன். வைஃபை அட்டை தீப்பெட்டியைவிடச் சின்னது. அதன் ஓரத்தில் மூக்குத்தி அளவுக்கு இரண்டு தங்க நிற வட்டம். ஆன்டெனா வயர்களை மாட்டும் இடம். ஒன்றில் கறுப்பு வயர் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று காலி. வெள்ளை வயர், முனையில் குட்டித் தங்கத் தொப்பியோடு, கழன்று விழுந்த கம்மல் திருகாணி மாதிரி மின்விசிறி பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. கட்டைவிரல் நகத்தால் நேராக வைத்து அழுத்தினேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை ‘டிக்’ என்று ஒரு சத்தம், கேட்டதா உணர்ந்ததா தெரியவில்லை.

மூடினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறை, கொல்லை, வாசல் வரைக்கும் போனேன். பாட்டு கூடவே வந்தது. வாசலில் நின்று அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சும்மா ஒரு தகவல்: வைஃபை ஒரே வயரில் நொண்டிக்கொண்டாவது ஓடிவிடும். புளூடூத் அந்தக் கழன்ற வயரை நம்பியிருந்தால் தொலைந்தது. சர்வீஸ் முடிந்து வந்தபின் ஆரம்பித்த கோளாறு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

குடியாத்தம்_மச்சான்_நான்_இல்லை

மேலே சொன்ன மச்சான் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு கரண்ட் போனால் கட் ஆகும். சிரிக்காதீர்கள். லேப்டாப்பில் முழு பேட்டரி இருக்கும், ஹெட்போனிலும் இருக்கும். ஃபேன் நின்ற அரை நிமிடத்தில் ஹெட்போன் விக்க ஆரம்பிக்கும். பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் பிடுங்கினால் மாலை வரை இதே கதை. கரண்ட் வந்தால் தானாகச் சரியாகும். எங்கள் தெருவில் கரண்ட் வந்ததை ஃபேன் சுற்றுவதற்கு முன்னாலேயே நான்தான் சொல்வேன், காதில் பாட்டு தெளிந்துவிடும்.

சார்ஜர் இல்லாதபோது வயர்லெஸ் அட்டையைச் சிக்கனமாக ஓட்டும்படி பவர் பிளானில் இருந்திருக்கிறது. ஆன் பேட்டரி என்பதற்கு நேரே இருந்ததை முழு வேகத்துக்கு மாற்றினேன், தீர்ந்தது. இப்போது கரண்ட் வந்தால் எனக்குத் தெரிவதில்லை.

ஆம்பூர்_தோல்_ஏற்றுமதி

ஷூ சாம்பிள் மீட்டிங். எதிர்ப்பக்கம் இத்தாலிக்காரர்கள். குதிகால் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் சொல்கிற நேரத்தில் பொட்டென்று அமைதி. இரண்டு நொடி கழித்துக் குரல் வந்தது. மறுபடி எண்ணைக் கேட்டேன். அவர் சொன்னார், மறுபடி அமைதி. மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

குற்றவாளி என் சட்டைப் பையில். ஹெட்போன் ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் சேர்ந்திருந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியம்மா ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். பதிலுக்கு ஏழு பேர் ரோஜாப்பூ. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் ஹெட்போன் இத்தாலியை விட்டுவிட்டுப் பெரியம்மா பக்கம் ஓடியிருக்கிறது. சாம்பிள் 5 மில்லிமீட்டர் குட்டையாகப் போனது. இப்போது மீட்டிங் என்றால் போனில் புளூடூத்தை அணைத்துவிடுகிறேன்.

பாலாறு_பார்த்தவன்

எல்லாவற்றுக்கும் காரணம் வெயில்தான். வேலூரில் மே மாதம் மனிதனே கட் ஆகிறான், ஹெட்போன் எம்மாத்திரம்? தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைப் பற்றிச் சொல்லும் பட்டியலில் சத்தமில்லாத ஹெட்போனையும் சேர்த்துவிடுங்கள்.

ஆற்காடு_மக்கன்பேடா

அந்தப் பட்டியலில் சாமி இல்லாத கோயிலும் உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். 1981-இலேயே ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், ஆகையால் பட்டியலே பழையது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, என் வயர் கழன்றது கடைக்காரரால்.

வாலாஜா_ஓய்வூதியர்

அதெல்லாம் இருக்கட்டும். சத்துவாச்சாரி தம்பி, வேலை கிடைத்ததா? அதை யாருமே கேட்கவில்லை.

சத்துவாச்சாரி_ராத்திரி

இல்லை சார். ஹார்ட் டிஸ்க்கும் இன்னும் குடியாத்தத்திலிருந்து வரவில்லை.